தோட்டத்துப் பழம்பொருள் சேகரிக்கத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புளத்கொகுபிட்டிய பக்கத்துத் தோட்டங்களில் பழம்பொருட்கள் பெரும்பாலும் கிலோக் கணக்கில்தான் மறைந்துபோகின்றன. லொறியில் வரும் பழைய இரும்புக்காரர் வெண்கலப் பானையையும் பித்தளைக் குடத்தையும் தராசில் வைத்து நிறுக்கிறார், கையில் கொஞ்சம் காசைக் கொடுக்கிறார், போய்விடுகிறார். இந்தியாவின் மண்டபம் முகாமைத் தாண்டிக் கப்பலேறி வந்த பாட்டியின் சீர்க்குடம் அடுத்த வாரம் எங்கோ ஓர் உலையில் உருகுகிறது. வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. வீடோ ஒரே ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் கொப்பி வாங்கக் காசு வேண்டும். பாவிக்காத பானைக்கு அங்கே இடமில்லை.

பழம்பொருள் சேகரிப்பு என்றதும் கொழும்புக் கடையில் ஒல்லாந்தர் காலத்து அலுமாரி வாங்குவதைத்தான் பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பெரும் பணம் வேண்டும். லயத்து வீட்டுப் பொருட்களைச் சேர்க்க அவ்வளவு வேண்டாம். வயதானவர்களோடு உட்கார்ந்து பேசும் பொறுமையும் ஒரு கொப்பியும் பேனாவும் இருந்தால் தொடங்கிவிடலாம். இந்த வழிகாட்டி முழுவதும் நான் வற்புறுத்தப்போவது ஒன்றே ஒன்றை: பொருளை எடுக்கும்போது அதன் கதையையும் சேர்த்து எடுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எப்படி வந்தது என்ற விவரம் இல்லாத குடத்துக்கு இரும்புக்காரர் போட்ட விலைதான் சரியான விலை.

முதல் படி: சொந்த வீட்டில் தொடங்குங்கள்

காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் உங்கள் வீட்டுப் பரணையும் கட்டிலுக்கு அடியில் உள்ள தகரப் பெட்டியையும் இறக்கிப் பாருங்கள். பிறகு சித்தப்பா வீடு, அத்தை வீடு, அம்மாயி வீடு. ஹரிக்கேன் லாந்தர், கரி போடும் ஸ்திரிக்கைப் பெட்டி, ஓரம் தெறித்த எனாமல் கோப்பை, அரிசி அளந்த கொத்தும் சுண்டும், அம்மி, திருகை, கம்பளி, தப்பு, சட்டம் போட்ட சாமிப்படம் என்று ஒரு லயத்து வரிசைக்குள்ளேயே ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்கான பொருள் கிடக்கும்.

எதையும் உடனே எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். இருந்த இடத்திலேயே படம் பிடியுங்கள். அடுப்பங்கரைப் புகை படிந்த சுவரோரம் எந்தப் பானைக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். பொருளைத் தூக்கிய பிறகு அது திரும்பக் கிடைக்காது.

இரண்டாம் படி: ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்கப் புறப்பட்டவர்கள் ஓரிரு ஆண்டில் இடமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள். விளக்குகள் மட்டும், அல்லது பெயர் வெட்டிய பித்தளை மட்டும், அல்லது ஒரே ஒரு தோட்டத்தின் பொருட்கள் மட்டும். புதியவர்களுக்கு நான் கடைசியாகச் சொன்னதைத்தான் பரிந்துரைப்பேன். எதேராபொல, பனாவத்த, தெவாலகந்த என்று எந்தத் தோட்டமாக இருந்தாலும், ஒரே இடத்துப் பொருட்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். தேயிலைக்கூடைக்குப் பக்கத்தில் அதே தோட்டத்துச் சம்பளச் சீட்டு இருந்தால் இரண்டின் பெறுமதியும் கூடுகிறது.

இந்தத் தோட்டங்கள் இருக்கும் கேகாலை மாவட்டத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் தேயிலைக் கருவிகள்தான் கிடைக்கும். இங்கே மலைமேல் தேயிலை, இறக்கத்தில் இறப்பர். ஒரே குடும்பத்தில் அம்மா கொழுந்து எடுத்திருப்பார், அப்பா பால் வெட்டியிருப்பார். இரு தொழிலின் கருவிகளும் ஒரே பெட்டியில் கிடைக்கும் இடங்கள் இலங்கையில் அதிகமில்லை.

மூன்றாம் படி: பித்தளையில் வெட்டிய பெயரை வாசிக்கப் பழகுங்கள்

நம் வீடுகளில் கிடைக்கும் பொருட்களிலேயே அதிகம் பேசுவது பெயர் வெட்டிய பாத்திரம்தான். குடத்தின் கழுத்துக்குக் கீழே அல்லது தாம்பாளத்தின் பின்புறம் விரலால் தடவிப் பாருங்கள். சிறு சிறு புள்ளிகளாகக் குத்திக் குத்தி எழுதிய எழுத்துகள் கையில் தட்டுப்படும். உளியால் ஒவ்வொரு புள்ளியாக அடித்து எழுதும் முறை அது. வெளிச்சத்தை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. டோர்ச்சைப் பக்கவாட்டில், பாத்திரத்தை உரசுவதுபோல் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிழல் விழுந்து பெயர் எழுந்து நிற்கும். அந்த நிலையில்தான் படம் பிடிக்க வேண்டும்.

பெரும்பாலும் முன்னெழுத்து, பெயர், சில சமயம் ஊர். ஊர் இருந்தால் அது பொக்கிஷம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்து ஏதோ ஒரு கிராமத்தின் பெயர் அந்தக் குடும்பம் புறப்பட்ட இடத்தையே காட்டிவிடும். பெயருக்கு முன்னால் உள்ள எழுத்து கணவனுடையதா தகப்பனுடையதா என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கலியாணச் சீராக வந்த பாத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கலாம். கணவன் பெயர் இருந்தால் பாத்திரம் பிறகு வாங்கப்பட்டதாக இருக்கலாம். கோயிலுக்கு உபயமாகக் கொடுத்ததாக எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அது எப்படிக் கோயிலை விட்டு வெளியே வந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

எழுத்தின் வடிவமும் காலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன், லை, னை, ணை, ளை ஆகியவற்றை யானைத் துதிக்கைபோல் மேலே சுருட்டி எழுதினார்கள். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வளைவு இருந்தது. குடத்தில் பழைய வடிவம் இருந்தால் அது பெரும்பாலும் அந்தக் காலத்துக்கு முந்தியது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பழைய கையில் பழகிய பத்தர் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பழைய வடிவத்திலேயே வெட்டியிருப்பார். இலங்கையில் புது வடிவம் பரவ மேலும் சில ஆண்டுகள் ஆயின.

நான்காம் படி: காலம் கணிக்கச் சில திறவுகோல்கள்

முதல் திறவுகோல் நாட்டின் பெயர். 1972 மே 22இல் சிலோன் ஸ்ரீ லங்கா ஆனது. தராசிலோ பீங்கான் தட்டின் அடியிலோ தீப்பெட்டி லேபிளிலோ நாட்டின் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தேயிலைத் தகர டப்பாவில் மட்டும் இது செல்லாது. சிலோன் டீ என்ற வணிகப் பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஜப்பான் பீங்கானில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அது இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படைகள் அங்கிருந்த காலத்துப் பொருள், 1952க்குப் பிந்தியதல்ல.

தராசில் இராத்தல் இருக்கிறதா கிலோ இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. கொழுந்து நிறுத்த சால்ட்டர் வில் தராசுகள் பலவற்றில் இராத்தல்தான் உண்டு. கிலோ வந்தது 1970களில் தொடங்கிய மாற்றத்துக்குப் பிறகு.

தையல் மெஷின் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு நல்ல செய்தி. சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். மெஷினின் அடித்தட்டில் உள்ள தொடர் எண்ணைப் பாருங்கள். 1900க்கு முந்திய மெஷின்களில் எண் மட்டும்தான். பிறகு எழுத்தும் சேர்ந்தது. ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தவற்றில் எஃப், வை போன்ற ஒற்றை எழுத்து இருந்தால் அது 1930களின் நடுப்பகுதிக்கு முந்தியது. ஈ என்று தொடங்கும் இரட்டை எழுத்து என்றால் அதற்குப் பிந்தியது. சுற்றுக் கையால் ஓட்டும் அந்த மெஷின் எத்தனை தீபாவளிச் சட்டைகளைத் தைத்தது என்பதை வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய காசுகளுக்கு ஒரு சின்னத் தராசு போதும். பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை. தாலிக்கொடியிலோ மாலையிலோ கோத்த காசு இதைவிடக் கணிசமாகக் குறைந்தால் தேய்மானமா போலியா என்று யோசிக்க வேண்டும். 1940 முதல் எடை மாறவில்லை, வெள்ளியின் அளவுதான் பாதியாகக் குறைந்தது; ஆண்டைப் பார்க்க மறக்காதீர்கள். சிலோனின் சதக் காசு முறை 1872இல் நடைமுறைக்கு வந்தது. விக்டோரியா தலையும் மறுபுறம் பனை வகை மரமும் உள்ள செப்புக் காசுகள் அந்தக் காலத்தவை. நாலு மூலை கொண்ட ஐந்து சதம் 1909இல் தொடங்குகிறது.

சாமிப்படங்களில் ஓரத்தைப் பாருங்கள். ரவி வர்மா தம் அச்சகத்தை 1894இல் பம்பாயில் தொடங்கினார். அங்கே அச்சான கல்லச்சுப் படம் லயத்தில் கிடைத்தால் பெரும் அதிர்ஷ்டம். அதிகம் கிடைப்பவை பிற்காலத்துக் காலண்டர் படங்கள். அவற்றில் கோவில்பட்டி கொண்டையராஜுவின் கையெழுத்து உள்ளதைக் கண்டால் விடாதீர்கள். கடையின் பெயரும் ஆண்டும் அச்சிட்ட அடிப்பகுதியை வெட்டி எறியாமல் வைத்திருக்கும் படத்துக்குத்தான் மதிப்பு.

ஐந்தாம் படி: வேலைக் கருவிகளை மறக்க வேண்டாம்

வீட்டுப் பாத்திரத்துக்குக் கொடுக்கும் மரியாதையை நாம் வேலைக் கருவிக்குக் கொடுப்பதில்லை. கவ்வாத்துக் கத்தி, மட்டக்கம்பு, இடுப்பில் கட்டிய படங்கு, பால் வெட்டும் கத்தி, பால் வடியும் சிரட்டை, பால் வாளி. இவைதான் நம்மைச் சோறு தின்ன வைத்தவை. தேய்ந்து பாதியான கவ்வாத்துக் கத்தியைப் புதுக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் கல்லில் தீட்டித் தீட்டி இரும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிடியில் கைபட்டு வழவழப்பான இடம் எது என்று பார்த்தால் அவர் வலக்கையரா இடக்கையரா என்றும் தெரிந்துவிடும். அந்தப் பிடியை மாற்றிப் புதுப்பிடி போட்டு வார்னிஷ் அடித்தால் எல்லாம் போய்விடும்.

பழைய பிரம்பு, மூங்கில் கூடைகள் இப்போது அரிது. பல தோட்டங்களில் பிளாஸ்டிக் கூடையும் நைலோன் பையும் வந்துவிட்டன. தலைக்கயிறு சேர்ந்து கிடைத்தால் கயிற்றை அவிழ்க்காதீர்கள். தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரை மை பூசும் தகட்டு அச்சும் நல்ல சேகரிப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலையின் பித்தளைத் தகடு, பெல்ஃபாஸ்ட் டேவிட்சன் கம்பனியின் சிரோக்கோ உலர்த்தியில் இருந்து கழற்றிய பெயர்ப்பலகை போன்றவை தோட்டத்தின் சொத்து. தோட்டங்கள் 1970களில் அரசு வசமாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன காலங்களில் எத்தனையோ பொருட்கள் கை மாறின. தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட எதையும் வாங்காதீர்கள். தொழிலாளியின் பிள்ளை ஒருவர் அதற்காகப் பொலிஸ் படியேற வேண்டிய நிலை வரக்கூடாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு வகை உண்டு. களனிவெளி ரயில் 1902இல் அவிசாவளை வந்தது, 1903இல் எட்டியாந்தோட்டையைத் தொட்டது. அப்போது அது இரண்டடி ஆறு அங்குல அகலப் பாதை. எட்டியாந்தோட்டைக் கிளையை 1942இல், போர்க்காலத்தில், கழற்றிவிட்டார்கள். அந்தப் பாதையோடு தொடர்புள்ள லாந்தர், சரக்குச் சீட்டு, புகைப்படம் எதுவாக இருந்தாலும் இங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஆறாம் படி: கடதாசிதான் முதல் சொத்து

ஒரே ஒரு வகையைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் கடதாசியைத் தேர்ந்தெடுப்பேன். பித்தளை நூறு ஆண்டு தாங்கும். ஈரமான காம்பராவில் கடதாசி ஒரு மழைக்காலத்தைத் தாங்காது.

எவற்றைத் தேடுவது? இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு 1901 முதல் வழங்கிய தகரச் சீட்டு முதலில். தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் குத்திய சிறு உலோக வில்லை அது. வழியில் எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதற்கு அதுவே அடையாளம். அதைக் கடதாசியோடு சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், அதுவும் ஓர் ஆவணம் என்பதுதான். அடுத்தது துண்டு. தொழிலாளியின் கடனை இன்னொரு தோட்டம் கட்டினால் ஆளை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு. இந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இதற்குப் பின்னால் சம்பளச் சீட்டு, பிறப்புப் பதிவு, தொழிற்சங்க அங்கத்துவ அட்டை, பள்ளிக்கூட இடாப்பு, கலியாணப் பத்திரிகை, இந்தியாவுக்குப் போன உறவினர் எழுதிய கடிதம்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல்தான் முடிவானது. அந்த ஆண்டுகளில் ஒரு விண்ணப்பத்தின் நகல், ஒரு கடவுச்சீட்டு, ஒரு ரசீது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே தீர்மானித்தது. ஆகவே இந்த வகைப் பத்திரங்களை விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள். குடும்பத்துக்கு இன்றும் அவை தேவைப்படலாம். படம் பிடித்து, நகல் எடுத்து, மூலத்தை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். பத்திரமாக வைக்க ஒரு நல்ல உறையையும் கூடவே கொடுங்கள்.

பழைய புத்தகங்களில், துரைமார் தொழிலாளரிடம் தமிழ் பேசப் படித்த கையேடுகள் கிடைக்கும். ஏ. எம். பெர்குசனின் 'இங்கே வா' அவற்றில் பேர்போனது. அதில் உள்ள வாக்கியங்களில் பெரும்பாலானவை ஏவல்தான் என்பதை வாசிக்கும்போது உணர்வீர்கள். பெர்குசன் டிரெக்டரி என்ற ஆண்டு ஏட்டின் ஒரு பழைய பதிப்பு கையில் அகப்பட்டால், உங்கள் தோட்டம் எத்தனை ஏக்கர், யார் துரை, என்ன பயிர் என்பதெல்லாம் ஆண்டுவாரியாகத் தெரியும்.

ஏழாம் படி: வாங்கும் இடமும் விலையும்

புளத்கொகுபிட்டிய, ருவன்வெல்ல, கரவனல்ல, எட்டியாந்தோட்டை, கேகாலை ஆகிய நகரங்களின் பழைய இரும்புக் கடைகளோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உருக்கப்போகும் முன் ஒரு தடவை பார்க்க விடுங்கள் என்று கேளுங்கள். நிறைக்குரிய விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

வீட்டில் நேராக வாங்கினால் உலோகத்தின் நிறை விலையை முதலில் அவர்களுக்கே சொல்லுங்கள். அதற்குக் கீழே ஒருபோதும் கேட்காதீர்கள். விஷயம் தெரியாத ஒரு பாட்டியிடம் பேரம் பேசி வென்றால் அது சாமர்த்தியமல்ல. வீட்டில் ஒருவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் திகதி, பொருள், தொகை எழுதி இரு பக்கமும் கையொப்பமிட்ட சிறு துண்டுச் சீட்டு வைத்திருங்கள். களவுப் பொருள் என்ற கேள்வி எழுந்தால் அதுதான் உங்களுக்குத் துணை.

கதையை எழுதாமல் பொருளை விற்றால் என்னாகும் என்பதைத் தமிழ்நாட்டின் காரைக்குடியில் பார்க்கலாம். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் எனாமல் பாத்திரமும் தேக்குத் தூணும் கதவும் வரிசையாக விற்பனைக்கு நிற்கின்றன. வீடுகள் பாகம் பிரிந்தபோது வெளியே வந்தவை பல. எந்த வீட்டுக் கதவு எந்த நாட்டுக்குப் போனது என்று கேட்டால் பெரும்பாலும் சொல்ல ஆளில்லை. நாம் அந்த நிலைக்குப் போகும் முன் எழுதிவைக்கத் தொடங்க வேண்டும்.

எட்டாம் படி: ஏமாறாமல் இருக்க

கடவுளர் உருவம் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பனி, 1818 என்று போட்ட பெரிய செப்புக் காசை யாராவது லட்சக் கணக்கில் விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள். கம்பனி அப்படி ஒரு காசைப் புழக்கத்துக்கு வெளியிட்டதில்லை. அரிசியை இழுக்கும் இரிடியச் செம்பு, நாகமாணிக்கம், கஜமுத்து, விலைமதிக்க முடியாத வலம்புரிச் சங்கு இவையெல்லாம் தமிழ்நாட்டிலும் இங்கும் பலரின் நிலத்தையும் நகையையும் விழுங்கிய மோசடிகள். இவற்றைத் தேடி வருபவர்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

பித்தளையில் போலி பிடிப்பது சிரமமில்லை. பிலிமத்தலாவைப் பக்கம் இன்றும் அருமையான பித்தளை வேலை நடக்கிறது; அதைப் புதிது என்று சொல்லி விற்பதில் தவறில்லை. அமிலம் ஊற்றிப் பழசாக்கி விற்பதுதான் தவறு. உண்மையாகப் பழைய குடம் அடியிலும் இடுப்பில் உராயும் பக்கத்திலும் தேய்ந்திருக்கும். தேய்மானம் ஒரு காரணத்தோடு இருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கில் பெயர்த் தகட்டைப் பாருங்கள். ஜெர்மன் விளக்கைப் பார்த்து இந்தியாவிலும் சீனாவிலும் ஏராளமாகச் செய்தார்கள். அவையும் சேர்க்கத் தக்கவையே, ஜெர்மன் விலை கொடுக்காத வரைக்கும்.

ஒன்பதாம் படி: சட்டம்

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியவை என்று கருதப்படும் சிற்பம், காசு, ஆயுதம், நகை, ஓலைச்சுவடி போன்றவை தொல்பொருட்கள். கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. மண்ணிலிருந்து எடுபடும் தொல்பொருள் அரசுக்குரியது. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியிலோ தோட்டத்தில் கான் வெட்டும்போதோ ஏதாவது தட்டுப்பட்டால் தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். புதையல் தோண்டக் கூப்பிடுபவர்களோடு சேராதீர்கள். மண்வெட்டி பிடித்தவரும் சேர்ந்தே கைதாவார். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் இதில் வருகிறது. தமிழ்நாட்டிலுள்ள உறவினருக்குப் பரிசாகக் கொடுப்பதற்கும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

யானைத் தந்தம், ஆமையோட்டுச் சீப்பு, முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டி ஆகியவை வனவிலங்குச் சட்டத்தோடு தொடர்புள்ளவை. பழைய துவக்கு எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் துவக்குதான். சாமிச் சிலையைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது: வாங்கவே வேண்டாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரைப் பல மில்லியன் டொலர் கொடுத்து வாங்கிய அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடமே அதை 2014இல் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

பத்தாம் படி: சுத்தம் செய்வதும் காப்பதும்

புதியவர்கள் செய்யும் பெரிய அழிவு துலக்குவதுதான். பழைய காசையோ தகரச் சீட்டையோ புளி, எலுமிச்சை, பொலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே படிந்த கருமை உலோகத்தைக் காக்கிறது. தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து தேயும். சுத்தத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்தால் போதும். பெயர் வெட்டிய குடத்துக்கும் இதேதான். தினம் ஏற்றும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது வேறு விஷயம், அது வாழும் பொருள். வெளிர் பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் கவனியுங்கள். மற்றப் பொருட்களிலிருந்து பிரித்து ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். உள்பக்கம் ஈயப் பூச்சுப் போன பித்தளையில் புளிக்குழம்பு வைத்து விருந்தாளிக்குப் பழைய ருசி காட்டாதீர்கள், உடம்புக்கு ஆகாது.

இரும்புக்கு மண்ணெண்ணெயில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் துருவை எடுத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. கம்பித் தேய்ப்பான் வேண்டாம். மரத்தில் புதிதாகப் பொடி கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. சிறிய மரச்சாமானையும் கூடைத் துண்டையும் பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுங்கள். வெளியே எடுத்து அறைச் சூடு வந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும்.

நம் பகுதியில் உண்மையான எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான். தரையில் எதையும் வைக்காதீர்கள். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே கடதாசியை வைத்தால் பகலில் வேகும், இரவில் வியர்க்கும். பழைய பத்திரத்தை லெமினேட் செய்யக் கூடவே கூடாது. சூடும் பசையும் கடதாசியைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் வேண்டாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன புகைப்படத்தைப் பிய்க்காமல் கண்ணாடிக்கு மேலேயே படம் பிடியுங்கள்.

பதினோராம் படி: கொப்பி

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண்ணை மென்மையான பென்சிலால் கடதாசியின் பின்புறத்திலும், மற்றவற்றில் நூலில் கட்டிய சிறு அட்டையிலும் எழுதுங்கள். கொப்பியில் அந்த எண்ணுக்கு நேரே: என்ன பொருள், அளவு, எடை, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, யார் கொடுத்தார், அவருக்கு எப்படி வந்தது, எதற்குப் பாவித்தார்கள், என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள். சொன்னவர் சம்மதித்தால் கைபேசியில் அவர் குரலையே பதிவு செய்யுங்கள். பொருளை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். கை அசையும்போது நினைவும் வரும். கவ்வாத்துக் கத்தியைக் கையில் வாங்கியதும் ஒரு பெரியவர் எழுந்து நின்று வெட்டும் கோணத்தைக் காட்டுவார். அதை வீடியோ எடுத்துவிட்டால் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கும்.

படங்களையும் பதிவுகளையும் ஊருக்கு வெளியே இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்திருங்கள். 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில் புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்தை மூடியது. உயிர்களோடு அந்த வீடுகளில் இருந்த புகைப்படங்களும் பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. இந்த மலையில் வாழ்பவர்களுக்கு இரண்டாவது பிரதி ஆடம்பரமல்ல.

பன்னிரண்டாம் படி: போய்ப் பாருங்கள், கொண்டுபோய்க் காட்டுங்கள்

கம்பளைக்கு அருகே பழைய லயத்துக் காம்பராக்களிலேயே அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்கள். சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்தது. நம் வீட்டுப் பாத்திரமும் கருவியும் எப்படி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன என்று பார்த்தால் உங்கள் வேலை பாதி எளிதாகிவிடும். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பார்க்கலாம். தொழிலாளியின் வீட்டை அங்கே தேட வேண்டாம். இரத்தினபுரித் தேசிய அருங்காட்சியகம் எஹெலபொல வளவில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குப் போகும் வாய்ப்பிருந்தால் சென்னைக்குத் தெற்கே தக்ஷிணசித்ராவில் வீட்டுச் சாமான்களை வீட்டோடு சேர்த்துக் காட்டும் முறையைக் கவனியுங்கள்.

கடதாசிகளை மின்வடிவாக்க 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாம். மலையக ஆவணங்களும் அவர்கள் இணைய நூலகத்தில் உண்டு.

இருபது முப்பது பொருட்கள் சேர்ந்ததும் தோட்டப் பாடசாலையிலோ மாரியம்மன் திருவிழாவின்போது கோயில் மண்டபத்திலோ ஒரு நாள் மேசை போட்டு வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கொடுத்தவர் பெயரை, அவர் சம்மதத்தோடு, பெரிய எழுத்தில் எழுதுங்கள். பார்க்க வருபவர்களிடம் விற்கச் சொல்லிக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று சொல்பவரின் பெயரையும் லயத்தின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அங்கே போக வேண்டும், பழைய இரும்பு லொறி வரும் நாளுக்கு முன்பாக.